உப்புச் சாயாவும் ஊட்டுப்புரையும்

வெளியூர் சென்று வருவோர் கண்டதை எழுதுவர்; கேட்டதை எழுதுவர். உண்டதை எழுதுவோர் மிகச் சிலரே. உணவைப் பற்றி எழுதுவது கற்றோர்க்கு அழகன்று என்று நம்மில் பலர் எண்ணுகிறோம் போலும். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். வரலாற்றுத் துறையின் கல்விச் சுற்றுலாவில் பத்மநாபபுரம் சென்று திரும்பிய பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது. ஓர் ஊரின் உணவைப் படித்தால் அவ்வூரின் நிலத்தைப் படிக்கலாம். அவ்வூரின் பந்தியைப் படித்தால் அங்கு வாழ்ந்த மனிதரைப் படிக்கலாம் என்பதே நான் அங்குக் கற்ற பாடம். அதனை நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடங்குமுன் ஒன்று கூற வேண்டும். சென்ற பருவத்தில் மங்கோலியப் பேரரசைப் பற்றி வகுப்பில் ஒரு கட்டுரை படிக்கும்படி எங்கள் பேராசிரியர் என்னைப் பணித்திருந்தார். செங்கிஸ்கானின் படையெடுப்புகளைக் குறிப்பெடுக்கப் போன நான், நூலகத்தில் அம்மக்களின் உணவு முறையைப் படித்து அதையே பல பக்கங்கள் எழுதிக்கொண்டு வந்தேன். வகுப்பில் நண்பர்கள் சிரித்தார்கள். அந்தக் குறிப்பேடு என் பையிலேயே கிடந்தது. அது பத்மநாபபுரத்தில் பயன்படும் என்று நான் கனவிலும் கருதவில்லை.

கணவாயைத் தாண்டி

என் வகுப்பு நண்பன் ஒருவனுக்குத் தக்கலையை அடுத்துச் சொந்த ஊர். அங்கிருந்து பத்மநாபபுரம் கோட்டை ஏறத்தாழ 2 கிலோமீட்டர். ஆகவே மற்றவர்கள் வருவதற்கு முதல் நாளே நாங்கள் இருவரும் பேருந்தில் புறப்பட்டோம். நான் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண்ணைச் சேர்ந்தவன். கம்பும் சோளமும் பருத்தியும் விளையும் பூமி அது. வானம் பார்த்த வெள்ளாமை.

ஆரல்வாய்மொழிக் கணவாய் வரையில் எனக்குப் பழகிய வறண்ட காற்றுத்தான். கணவாயைத் தாண்டியதும் யாரோ திரையை விலக்கியது போல் பச்சை வயல்கள் தோன்றின. குளங்கள், தென்னை, வாழை, நெல்! தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டாலும் பயன்பெறும் மாவட்டம் இது. போதாக்குறைக்குக் கோதையாற்றின் குறுக்கே பொறியாளர் மிஞ்சின் முன்னின்று கட்டிய பேச்சிப்பாறை அணை 1906-இல் முடிந்தது முதல் வாய்க்கால் நீரும் வருகிறது. நாஞ்சில் நாட்டின் சமையலைச் சொல்லப் புகுவோர் முதலில் இந்தத் தண்ணீரைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் விருந்தாளி வந்தால்தான் நெல்லுச்சோறு என்ற காலத்தை என் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். இங்கோ சோறு அன்றாடப் பொருளாக இருந்திருக்கிறது. அப்படித்தான் நான் முதலில் நினைத்தேன்.

மரச்சீனியும் மீன்கறியும்

நண்பனின் வீட்டை அடையும்போது இருட்டிவிட்டது. திண்ணையில் அவனுடைய பாட்டியார் அமர்ந்திருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எந்த ஊரு மக்களே? நீங்க என்ன ஆளுவ?" என்று கேட்டார். வெளியூரில் எந்த வீட்டுப் படி ஏறினாலும் நான் அஞ்சும் கேள்வி அது. பதிலுக்கு நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளிருந்து நண்பனின் தாயார், "பேச்செல்லாம் பொறவு இருக்கட்டும். பிள்ளைக்குப் பசிக்கும். மொதல்ல சாப்பிடட்டும்" என்று சொல்லி என்னை அடுக்களைக்கே அழைத்துச் சென்றுவிட்டார்.

தட்டில் வந்தது சோறன்று. வெள்ளைவெளேரென்று வெந்த கிழங்கு. உடன் தேங்காய் அரைத்து வைத்த சாளைமீன் கறி. இதனை மரச்சீனி என்கிறார்கள். நம் பக்கத்தில் மரவள்ளி. தேங்காய் எண்ணெயின் மணம் எனக்குப் பழக்கமில்லை. எங்கள் வீட்டில் நல்லெண்ணெயும் கடலெண்ணெயும்தான். தலைக்குத் தேய்ப்பதைத் தாளிக்கிறார்களே என்று எண்ணி முகத்தைச் சுளித்தேன். கிழங்கை ஓரமாக ஒதுக்கவும் செய்தேன். அந்த அம்மா அதைப் பார்த்துவிட்டார். "பிடிக்கல்லன்னா சொல்லிரு மக்களே, தோசை சுட்டுத் தாரேன்" என்றார். அவர் குரலில் சினமில்லை. அதனாலேயே எனக்கு வெட்கமாகிவிட்டது. ஒரு வாய் எடுத்து உண்டேன். கிழங்குக்கென்று தனிச் சுவை ஏதுமில்லை; மீன்கறியின் புளிப்பையும் காரத்தையும் அது தாங்கி நிற்கிறது. இரண்டும் ஒன்றையொன்று எதிர்பார்த்துப் பிறந்தவை போல் இருந்தன. மறுமுறையும் வாங்கி உண்டேன்.

உண்டு முடித்தபின் அவர் சொன்னதுதான் எனக்குப் பாடம். "அரிசி கெடைக்காத காலத்துல எங்க அம்மைக்கெல்லாம் சோறு இதுதான். ஓணத்துக்கும் கல்யாணத்துக்கும்தான் அரிசிச்சோறு." வயல் இருந்தவர் வீட்டில் சோறு, வயலில் உழைத்தவர் வீட்டில் கிழங்கு! பச்சை வயல்களைக் கண்டு மயங்கிய என் முதல் கணக்குப் பிழையாயிற்று.

மரச்சீனி நம் நாட்டுப் பயிர் அன்று. தென்னமெரிக்காவிலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் இதன் சாகுபடியை ஊக்குவித்தார். இரண்டாம் உலகப் போரில், 1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் பர்மா அரிசி வருவது நின்றது. அந்தப் பஞ்ச காலத்தில் திருவிதாங்கூர் மக்களின் உயிரைத் தாங்கியது இந்தக் கிழங்கே. நான் ஒதுக்கிய கிழங்குக்கு இத்தனை வரலாறு இருந்தது.

சாடிகள் சொல்லும் செய்தி

மறுநாள் காலையில் பேராசிரியரும் மற்ற மாணவர்களும் வந்து சேர்ந்தனர். வேளிமலையின் அடிவாரத்தில், கருங்கல் கோட்டைக்குள் அமைந்தது பத்மநாபபுரம் அரண்மனை. 1601-ஐ ஒட்டி இரவிவர்ம குலசேகரப் பெருமாள் காலத்தில் தொடங்கப்பெற்று, 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மரால் விரித்துக் கட்டப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகர் திருவனந்தபுரத்திற்கு மாறும்வரை திருவிதாங்கூரின் தலைமையிடம் இதுவே. 1956 நவம்பர் 1-ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பின்னும் அரண்மனை கேரள அரசின் தொல்லியல் துறையின் பொறுப்பிலேயே உள்ளது.

மந்திரசாலையின் கண்ணாடி போன்ற கரிய தளத்தையும், தாய்க்கொட்டாரத்தின் பலாமரத் தூணையும் பிறர் எழுதுவர். என்னை நிறுத்திவைத்தவை ஊறுகாய்ச் சாடிகளே. இடுப்பளவு உயரமுள்ள சீனப் பீங்கான் சாடிகள். மாங்காயும் நெல்லிக்காயும் உப்பில் ஊறிய சாடிகள் அரசர் வீட்டிலும் வழிகாட்டி வந்து விளக்கும் காட்சிப் பொருளாகிவிட்டன. அதே வடிவத்தில் சிறியதாக ஒன்றை முந்தின இரவில் நண்பனின் வீட்டு அடுக்களையில் கண்டிருந்தேன். அதனை அங்குப் 'பரணி' என்கிறார்கள். வறுக்கும் இரும்புச் சட்டிக்குச் 'சீனச்சட்டி' என்றே பெயர். சீனம் இந்தக் கரையின் அடுக்களைக்குள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதற்கு இச்சொற்களே சான்று.

இங்கேதான் என் மங்கோலியக் குறிப்பேடு நினைவுக்கு வந்தது. 1271-இல் சீனத்தில் யுவான் அரசமரபை நிறுவிய மங்கோலியப் பேரரசர் குப்ளாய்கான், 1280-ஐ ஒட்டிய ஆண்டுகளில் யாங் டிங்பி என்னும் தூதரைக் கடல்வழியாகக் கொல்லத்திற்கு அனுப்பினார். குப்ளாயிடம் பணியாற்றிய மார்கோ போலோவும் தம் நூலில் கொல்லத்தையும் அதன் மிளகையும் குறிப்பிட்டு, குமரியையும் சொல்கிறார். 1330-இல் யுவான் அரசவைக்காக ஹூ ஸிஹுயி என்பவர் எழுதிய உணவு நூலில் ஆட்டிறைச்சிச் சாறுகளே மிகுதி; மிளகும் அதில் இடம்பெறுகிறது. அரண்மனைச் சாடிகள் அக்காலத்தவை அல்ல; மிகப் பிந்தியவை. ஆயினும் அவை வந்த கடல்வழி பழையது. மங்கோலியரின் கொதிகலனுக்கும் நம் மிளகுக் கொடிக்கும் இடையே அன்றே கப்பல் ஓடியது.

வெள்ளை உணவும் சிவப்பு உணவும்

மங்கோலியரின் உணவை இங்குச் சற்று விரித்துரைப்பது பொருந்தும். அவர்களுடைய புல்வெளியில் உழவுக்கு இடம் குறைவு. குளிர்காலத்தில் வெப்பம் சுழிக்குக் கீழே 30 பாகைக்கும் இறங்கும். ஆகவே அவர்கள் மண்ணை நம்பவில்லை. குதிரை, ஒட்டகம், மாடு, செம்மறி, வெள்ளாடு என்னும் ஐந்து கால்நடைகளை நம்பினர். கோடையில் பால் மிகுதி. அப்போது உண்பவை 'வெள்ளை உணவு'. பாலைத் தயிராக்கி, வடித்து, வெயிலில் கல்போல் உலர்த்தி மாதக்கணக்கில் வைத்திருப்பர். குதிரைப் பாலைத் தோற்பையில் ஊற்றி நாள்தோறும் கடைந்து புளிக்கவைத்துப் பருகுவர். குளிர்காலத்தில் இறைச்சியே உணவு. அது 'சிவப்பு உணவு'.

மேய்ச்சலுக்காக இடம்விட்டு இடம் செல்வோருக்குப் பெரிய அடுப்பும் பல பாத்திரங்களும் சுமையாகும். எனவே கூழாங்கற்களை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, பால்கேனுக்குள் இறைச்சியோடு அடுக்கி, மூடி வேகவைக்கும் முறை அவர்களிடம் உண்டு. வெந்த பின் அந்தச் சூடான கற்களைக் கைக்குக் கை மாற்றிப் பிடித்துக்கொள்வர். உடலுக்கு நல்லதென்பது அவர்கள் நம்பிக்கை.

அவர்களுடைய அன்றாடப் பானம் உப்பிட்ட பால்தேநீர். அங்கே கரும்பு இல்லை. உப்பு ஏரிகள் உண்டு. ஆகவே தேநீரில் உப்பு! இதைக் கேட்டுத்தான் வகுப்பில் நண்பர்கள் சிரித்தனர். தென்னை உள்ள ஊரில் தேங்காய் அரைப்பதும், எள் விளையும் ஊரில் நல்லெண்ணெய் ஊற்றுவதும், உப்பு கிடைக்கும் ஊரில் தேநீருக்கு உப்பிடுவதும் ஒரே அறிவின் மூன்று வடிவங்கள். இதை உணர எனக்கு ஒரு தட்டு மரச்சீனி தேவைப்பட்டது.

யாருக்கு விளம்பினார்கள்?

அடுத்து நாங்கள் ஊட்டுப்புரைக்குள் நுழைந்தோம். நீண்டு செல்லும் இரண்டடுக்கு மண்டபம் அது. ஒரு முனையில் நின்று பார்த்தால் மறுமுனையில் நிற்பவர் முகம் தெரியவில்லை. கீழும் மேலுமாக ஒரே வேளையில் இரண்டாயிரம் பேர் உண்ணலாம் என்று அங்குச் சொல்கிறார்கள். மாணவர்கள் வியந்தனர். என் வாயிலிருந்து மட்டும் ஒரு கேள்வி வந்தது: "ஐயா, இங்கே யாருக்கு விளம்பினார்கள்?"

பேராசிரியர் சற்று நின்று, பின் விளக்கினார். திருவிதாங்கூரில் அரசின் செலவில் நடந்த ஊட்டுப்புரைகளில் இலவச உணவு பெற்றோர் பிராமணர்களே. அதனைப் பெரும் அறமாக அக்கால அரசு கருதியது. அந்த அறத்திற்கான நெல்லை விளைவித்தவர்களில் மிகப் பலருக்கு அப்பந்தியில் இலை இல்லை. பந்தியில் மட்டுமா? கோயிலைச் சூழ்ந்த தெருவில் நடக்கவே 1924-இல் வைக்கத்திலும், அதன்பின் சுசீந்திரத்திலும் போராட வேண்டியிருந்தது. 1936 நவம்பர் 12-ஆம் நாள் வெளியான பிரகடனத்தின் பின்னரே திருவிதாங்கூர்க் கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறந்தன.

அவர் பேசிக்கொண்டிருக்கையில் எனக்கு என் பாட்டனாரின் நினைவு வந்தது. அவர் பந்தல் போடும் தொழிலாளி. ஒருமுறை ஒரு பெரிய வீட்டுத் திருமணத்துக்கு மூன்று நாள் உழைத்துப் பந்தல் போட்டார். திருமணத்தன்று அந்தப் பந்தலுக்குள் பந்தி நடந்தது. அவரையும் உடனிருந்தவர்களையும் பந்தி முடிந்தபின் மாட்டுத் தொழுவின் பக்கம் வரச் சொல்லி, மேல்துண்டை விரிக்கச் செய்து அதில் சோற்றை இட்டார்கள். சிறுவயதில் இதைக் கேட்டபோது நான், "சோறு எப்படி இருந்துச்சு தாத்தா?" என்று கேட்டிருக்கிறேன். "சோறு நல்லாத்தான் இருந்துச்சு" என்று மட்டும் சொல்வார், வேறொன்றும் சொல்லமாட்டார்.

ஆனால் இதே மாவட்டம் மறுபக்கத்தையும் காட்டுகிறது. நாகர்கோவிலுக்குத் தெற்கே சாமித்தோப்பில், 1809-இல் பிறந்து 1851-இல் மறைந்த வைகுண்ட சுவாமிகள், எல்லாச் சாதியாரும் நீர் எடுக்க முத்திரிக் கிணற்றை ஏற்படுத்தினார். எல்லாரும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் சமபந்தியையும் நடத்தினார். திருவிதாங்கூர் அரசு அவரைச் சிறையில் அடைத்தது. ஆயிரக்கணக்கானோர்க்கு உணவிட வல்ல ஊட்டுப்புரையை உடைய அரசு, சிலர் ஒன்றாக அமர்ந்து உண்பதைக் கண்டு அஞ்சியது! பின்னர்க் கொச்சி நாட்டில் செறாய் என்னும் ஊரில் சகோதரன் ஐயப்பன் 1917-இல் நடத்திய சமபந்தியும் ஊரையே உலுக்கிற்று. உணவு வயிற்றை நிரப்புகிறது; பந்தியோ யார் யாருக்குச் சமம் என்பதை ஊரறியச் சொல்கிறது. ஆகவேதான் அதற்கு இத்தனை எதிர்ப்பு.

பின்னாளில் நாகர்கோவில் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக 1969-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட காமராசர், முதலமைச்சராக இருந்தபோது 1956-இல் பள்ளி மதிய உணவைத் தமிழகமெங்கும் பரப்பத் தொடங்கினார். எம்.ஜி.ஆர். காலத்தில் 1982-இல் அது சத்துணவாக விரிந்தது. 2022-இல் காலை உணவும் சேர்ந்தது. பள்ளித் தாழ்வாரத்தில் தட்டேந்தி வரிசையில் அமர்ந்த நம்மில் பலருக்கு அது வெறும் சோறும் முட்டையும்தான். ஊட்டுப்புரையைக் கண்டபின் எனக்கு அது வேறாகத் தெரிகிறது. பாட்டனாருக்குக் கிடைக்காத பந்தியில் நான் ஐந்து வயதிலேயே அமர்ந்துவிட்டேன். அமர்ந்ததை அறியாமலே அமர்ந்தேன்.

அடுக்களையில் ஒரு சோதனை

அன்று பிற்பகலில் நண்பனின் வீட்டில் எங்கள் அனைவருக்கும் விருந்து. வாழையிலையின் இடப்பக்கத்தில் நேந்திரங்காய் உப்பேரியும் சர்க்கரைவரட்டியும். தொடர்ந்து இஞ்சிக்கறி, கிச்சடி, அவியல், எரிசேரி. சம்பா அரிசிச் சோற்றில் முதலில் பருப்பும் நெய்யும், பின் சாம்பார், அதன்பின் புளிசேரி. பாயசத்தோடு போளி. எல்லாம் முடிந்தது என்று எழப்போனவனை அமர்த்தி, ரசமும் மோரும் விளம்பினார்கள். இவற்றுள் என் நெஞ்சைக் கவர்ந்தது தீயல். தேங்காய்த் துருவலைக் கருகாமல் செம்பழுப்பாக வறுத்து, மல்லியும் மிளகாயும் சேர்த்து எண்ணெய் கசியும்வரை அரைத்து, சின்ன வெங்காயம் வெந்த புளிக்கரைசலில் கலக்கிறார்கள். வறுவலின் பக்குவம் ஒரு நொடி தவறினாலும் கறி கசந்துவிடும் என்று அந்த அம்மா கூறினார்.

மாலையில் அவர் "சாயா போடட்டா?" என்று கேட்டதும் நான் துள்ளி எழுந்தேன். மங்கோலியர் தேநீரைச் 'சாய்' என்கின்றனர். குமரி மாவட்டத்தில் 'சாயா'. இரண்டிற்கும் மூலம் சீனத்துச் 'சா' என்னும் சொல்லே. நாம் வழங்கும் 'டீ'யும் தேநீரின் 'தே'யும் சீனத்தின் தென்கிழக்குக் கரையில் வழங்கும் மற்றொரு ஒலிப்பிலிருந்து வந்தவை. "அம்மா, இன்னைக்கு நான் போடுறேன், ஆனா சீனி வேண்டாம், உப்பு" என்றேன். நண்பர்கள் கூவினார்கள். அவர் மட்டும் சிரிக்காமல், "கஞ்சிக்கு உப்பு இடுகோம். சாயாவுக்கு இட்டா என்ன, குடிச்சுப் பாப்போம்" என்று உப்புப் பரணியை எடுத்துக் கொடுத்தார்.

கட்டியாக அழுத்திய சீனத் தேயிலை எங்களிடம் இல்லை, கடைத்தூளையே பயன்படுத்தினேன். நீரில் தூளைக் கொதிக்கவிட்டு, ஏறக்குறைய அதே அளவு பால் ஊற்றி, ஒரு சிட்டிகை உப்பிட்டு, குறிப்பேட்டில் கண்டபடி அகப்பையால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து மீண்டும் ஊற்றினேன். உள்மங்கோலியாவில் வறுத்த பனிவரகையும் இதில் இட்டுக் குடிப்பதுண்டு. என் கரிசல் வீட்டில் சிறுதானியம் இருந்திருக்கும், இங்கே இல்லை. வறுத்த அரிசியைத் தூவினேன்.

முதல் மிடறு எல்லாருக்கும் அதிர்ச்சி. தேநீர் என்று நாக்கு இனிப்பை எதிர்பார்க்கிறது. இரண்டாம் மிடற்றில் அதைத் தேநீர் என்று எண்ணாமல் சூடான சாறு என்று எண்ணிக் குடித்தால் இதமாக இருந்தது. இருவர் கொல்லையில் கொட்டிவிட்டனர். மூவர் முழுவதும் குடித்தனர். பேராசிரியர் மூவருள் ஒருவர். பாட்டியார் ஒரு குவளை வாங்கிக் குடித்துவிட்டு, "பனிக்குக் கொள்ளாம்" என்று ஒரே சொல்லில் மதிப்பெண் இட்டார். முந்தின இரவில் என்னிடம் கேட்ட கேள்வியை அவர் மறுபடி கேட்கவில்லை. மறந்தாரா, வேண்டாமென்று விட்டாரா என்பது எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை.

மங்கோலியக் கூடாரத்திற்குள் வழிப்போக்கன் நுழைந்தால் முதலில் தேநீரை நீட்டுவதே அங்குள்ள வழக்கம், விசாரணையெல்லாம் பிறகுதான். கூடாரத்திலும் இடவொழுங்கு உண்டு: வடபுறம் மதிப்பிற்குரியோர்க்கு, மேற்குப்புறம் ஆடவர்க்கு, கிழக்குப்புறம் பெண்டிர்க்கு. குறையில்லாத ஊர் எங்குமில்லை. எனினும் 'முதலில் உணவு, பிறகு பேச்சு' என்னும் நெறியை அந்தப் புல்வெளி மக்களிடம் நூலில் படித்தேன்; தக்கலையில் ஓர் அடுக்களையில் நேரில் கண்டேன்.

முடிவாக

மாணவ நண்பர்களே! அடுத்த சுற்றுலாவுக்குச் செல்கையில் கல்வெட்டுகளைப் படியெடுப்பதோடு நில்லாதீர்கள். அவ்வூரார் உண்பதை உண்ணுங்கள். நாக்கு மறுத்தாலும் இரண்டாம் வாய் வரை பொறுத்திருங்கள். இந்தப் பொருள் ஏன் இந்த மண்ணில் வந்தது, இதை யார் விளைவித்தார், இதை யாரோடு யார் அமர்ந்து உண்டார் என்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். முதலிரண்டுக்கு நூலகத்தில் விடை கிடைக்கும். மூன்றாவதற்கு முதியவர்களிடம்தான் கிடைக்கும். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

ஊர் திரும்பியதும் நான் முதலில் செய்தது, அடுத்த தெருவிலுள்ள என் பாட்டியிடம் சென்று அந்தத் திருமணம் எந்த ஆண்டு, எந்த ஊர் என்று கேட்டு எழுதிக்கொண்டதுதான். குறிப்பேட்டில், உப்புத் தேநீரைப் பற்றிய குறிப்புக்கு அடுத்த பக்கத்தில் அது இருக்கிறது.